11 படுக்கையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்த கணக்கு

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ ஆபரேஷன் செய்தும் நஷ்டப்படாமல் எப்படி வளர்ந்தது என்பது ஒன்று. அதே வழியில் எங்கள் வட்டத்திலும் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை தொடங்க முடியுமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்வார்கள். டாக்டர் வி. என்று எல்லோரும் அழைத்த கோவிந்தப்ப வெங்கடசாமியின் தியாகத்தைச் சிலர் சொல்வார்கள். எந்த ஊரிலும் ஒரே தரத்தில் மொத்தமாகச் செய்து விற்கும் மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் கடையைப் பார்த்து அவருக்கு யோசனை வந்த கதையைச் சிலர் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனையை ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. அரவிந்த் வளர்ந்ததற்குக் காரணம், கண் மருத்துவரின் நேரம்தான் நாட்டில் மிக அரிதான சரக்கு என்று முதலிலேயே கண்டுகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த நேரம் வீணாகாதபடி அடுக்கியதுதான். கட்டணம், கேம்ப், நர்ஸ் பயிற்சி, சொந்த லென்ஸ் தொழிற்சாலை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

டாக்டர் வி. 1918இல் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து ராணுவத்தில் சேர்ந்தவருக்கு முடக்குவாதம் கடுமையாக வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக நினைத்தவர் கண் மருத்துவத்துக்கு மாறி, தன் விரல்களுக்கேற்ற கருவிகளைச் செய்துகொண்டு ஆபரேஷன் பழகினார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தபோது கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 58 வயதில் ஓய்வு பெற்றபோது, கண்புரை ஆபரேஷனை மொத்தமாக எப்படிச் செய்வது என்ற அனுபவம் கையில் இருந்தது. பணம் இல்லை.

1976இல் கோவெல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பேரில், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு மருத்துவமனை தொடங்கியது. வீட்டை அடகு வைத்தார், குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி, நம்பெருமாள்சாமியின் தங்கை விஜயலட்சுமி, அவர் கணவர் எம்.சீனிவாசன் என முதல் மருத்துவர்கள் எல்லோரும் குடும்பத்தார். டாக்டர் வி.யின் தம்பி ஜி.சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். முழுநேர மருத்துவர்கள் வெளிச்சந்தைச் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தது ஆரம்ப மூலதனத்தின் பெரும்பகுதி. இன்னோர் இடத்தில் இதே மாதிரியை நடத்த நினைப்பவர்கள் முதலில் தட்டுப்படும் கல் இதுதான். இப்படிப்பட்ட குடும்பம் எல்லோருக்கும் வாய்க்காது. அந்த இடத்தைச் சம்பளம் கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும், அதற்குக் கணக்கில் இடம் விட வேண்டும்.

இனி வளர்ந்த வரிசை. 1977இல் ஆபரேஷன் முடிந்தவர்கள் தங்க 30 படுக்கைக் கட்டடம். 1978இல் 70 படுக்கையோடு இலவச மருத்துவமனை. 1981இல் கட்டணப் பிரிவுக்கான பெரிய கட்டடம், பணம் சேரச்சேரத் தளம் தளமாக எழுப்பியது. அது நின்று சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் 1984இல் 350 படுக்கையோடு பெரிய இலவச மருத்துவமனை வந்தது. படுக்கை என்று எண்ணிக்கைக்குச் சொல்கிறோமே தவிர, இலவசப் பிரிவில் தரையில் விரித்த பாய்தான். புரை ஆபரேஷன் முடிந்தவருக்குக் கட்டில் மருத்துவத் தேவை இல்லை, பாயில் படுத்துப் பழகியவருக்கு அது குறையும் இல்லை. மிச்சமான காசு தியேட்டருக்குப் போனது.

பிறகு தேனி 1985, திருநெல்வேலி 1988, கோயம்புத்தூர் 1997, புதுச்சேரி 2003, சென்னை 2017, திருப்பதி 2019. நடுவில் சிறு நகரங்களில் சிறிய மையங்கள். பெரும்பாலான மூலதனம் சொந்த உபரியிலிருந்து வந்தது. நன்கொடை வந்தது, வெளிநாட்டு அமைப்புகளின் உதவியும் வந்தது, ஆனால் அன்றாடச் செலவு ஒருநாளும் நன்கொடையை நம்பி நிற்கவில்லை. நன்கொடையில் சம்பளம் போடும் மருத்துவமனை, கொடுப்பவர் கை நிறுத்திய மாதமே ஆளை இழக்கும்.

இலவசம் எப்படிக் கட்டுபடியாகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்த்தால் எளிதாகப் புரியும். அரவிந்தின் கணக்கு அல்ல, கணக்கின் போக்கைக் காட்ட நானே போட்டது. ஒரு கண் மருத்துவமனைக்குச் சம்பளம், மின்சாரம், கட்டடம், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 20 லட்சம் ரூபாய் நிலையான செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் லென்ஸ், மருந்து, கத்தி, சாப்பாடு என்று 1,500 ரூபாய் ஆகிறது. நூற்றுக்கு 40 பேர் 7,000 ரூபாய் கட்டுகிறார்கள், மற்ற 60 பேருக்கு இலவசம். மாதம் 500 ஆபரேஷன் நடந்தால் மொத்தச் செலவு 27.5 லட்சம், வரவு 200 பேரிடமிருந்து 14 லட்சம். 13.5 லட்சம் துண்டு விழுகிறது. அதே ஆட்கள், அதே தியேட்டர்களில் மாதம் 2,000 ஆபரேஷன் நடந்தால் செலவு 50 லட்சம், வரவு 800 பேரிடமிருந்து 56 லட்சம். 1,200 பேருக்கு இலவசமாகச் செய்தும் 6 லட்சம் மிச்சம். கட்டணம் கூடவில்லை, இலவசம் குறையவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. 500இல் இருக்கும்போது பதறிப்போய் இலவசத்தைக் குறைப்பவர்கள், அந்த 500ஐயும் 350 ஆக்கிக்கொள்கிறார்கள்.

கட்டணம் கட்டுகிறவர் யார், கட்டாதவர் யார் என்பதை அரவிந்த் நோயாளியிடமே விட்டுவிட்டது. வருமானச் சான்றிதழ், ரேஷன் அட்டை எதுவும் கேட்பதில்லை. கட்டணப் பிரிவு, வாசலுக்கு நடந்து வருகிறவர்களுக்கான சலுகைப் பிரிவு, கேம்ப் வழியாக வருகிறவர்களுக்கு முழு இலவசம். வசதியுள்ளவர்கள் இலவச வரிசையில் புகுந்துவிட மாட்டார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். சிலர் புகுவார்கள்தான். ஆனால் கட்டணப் பிரிவில் தனி அறை, கட்டில், விருப்பமான லென்ஸ், வசதியான நாள் எல்லாம் கிடைக்கும்போது வசதியுள்ளவர் பாயில் படுக்க வரமாட்டார். சான்றிதழ் பார்க்க ஆள் போட்டு, அவருக்குச் சம்பளம் கொடுத்து, வாசலில் சண்டை வளர்ப்பதைவிடத் தங்குமிட வசதியில் வித்தியாசம் வைப்பது மலிவு. சிகிச்சையில் வித்தியாசம் வைக்கக் கூடாது. மருத்துவர்களும் நர்ஸ்களும் இரண்டு பிரிவிலும் சுழற்சியில் வேலை பார்ப்பார்கள். இதை விட்டுவிட்டு இலவசப் பிரிவுக்குப் பயிற்சி மருத்துவர்களை மட்டும் அனுப்பினால், ஒரே வருஷத்தில் "அங்கே போனால் கண்ணில் பழகுவார்கள்" என்று ஊரில் பேச்சாகிவிடும். அதன் பிறகு எத்தனை கேம்ப் போட்டாலும் கூட்டம் வராது.

தியேட்டருக்குள் வருவோம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. நடுவில் மைக்ராஸ்கோப், அதன் கையைத் திருப்பினால் இந்தப் பக்கம், மறுபடி திருப்பினால் அந்தப் பக்கம். ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போது அடுத்த மேசையில் நோயாளி படுத்து, கண்ணைச் சுற்றிப் போவிடோன் அயோடின் போட்டுச் சுத்தம் செய்து, துணி மூடி, இமை விரிப்பான் மாட்டித் தயாராக இருப்பார். மரத்துப்போகும் ஊசியைத் தியேட்டருக்கு வெளியிலேயே போட்டுவிடுவார்கள், அது வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். எந்தக் கண் என்பதற்கு அந்தக் கண்ணுக்கு மேல் நெற்றியில் அடையாளம் ஒட்டியிருக்கும். மேசைக்கு ஒரு கருவி நர்ஸ், ஓடியாடிப் பொருள் எடுத்துத் தர ஒருவர், கருவிகளைக் கிருமி நீக்க ஒருவர். மருத்துவருக்கு ஐந்தாறு செட் கருவிகள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று செட் மட்டும் வாங்கினால் நான்காவது நோயாளியில், கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்காக எல்லோரும் கைகட்டி நிற்பார்கள். கை தேர்ந்த மருத்துவர் இந்த அமைப்பில் மணிக்கு ஆறிலிருந்து எட்டு ஆபரேஷன் முடிப்பார். கத்தி வேகமாக ஓடுவதால் அல்ல. ஒரு நோயாளி இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளி ஏறக்குறைய இல்லாமல் போவதால்.

அந்த நர்ஸ்கள்தான் உண்மையான முதுகெலும்பு. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் உதவித்தொகையும் கொடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி. முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் பொதுப் பாடம், பிறகு புறநோயாளிப் பிரிவு, தியேட்டர், கண்ணாடிப் பரிசோதனை, ஆலோசனை என்று ஆளுக்கொரு துறை. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, லென்ஸ் பவர் கணிக்க அளவெடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. மருத்துவரிடம் நோயாளி வரும்போது சீட்டில் எல்லா அளவும் எழுதியிருக்கும், அவர் முடிவு மட்டும் சொன்னால் போதும். மொத்தப் பணியாளர்களில் பாதிக்கு மேல் இவர்கள். அனுபவம் பெற்ற பிறகு கல்யாணம், வெளி வேலை என்று போய்விடுவார்கள் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் புது அணியைப் பயிற்சிக்கு எடுத்தே ஆக வேண்டும். பயிற்சியைச் செலவு என்று ஒரு வருஷம் நிறுத்தினால், இரண்டு வருஷம் கழித்துத் தியேட்டரில் ஒரு மேசை காலியாக நிற்கும்.

ஆலோசகர் என்ற வேலையையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தேவை என்று மருத்துவர் சொன்னதும் நோயாளிக்கு எழும் கேள்விகள் மருத்துவம் பற்றியவை அல்ல. எத்தனை நாள் தங்கணும், கூட யார் வரணும், தலைக்குக் குளிக்கலாமா, எப்போ வயலில் இறங்கலாம், எவ்வளவு ஆகும், எந்த லென்ஸ் என்பவைதான். இதற்கு மருத்துவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இன்னொருவரின் ஆபரேஷன் நேரம் போகும். உட்காராவிட்டால் நோயாளி "வீட்டில் கேட்டுட்டு வர்றேன்" என்று போய், வரமாட்டார். நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் ஆலோசகர் இருந்தால் போதும், ஆபரேஷனுக்குச் சம்மதிப்பவர் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் கூடும்.

1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் பெரும்பாலும் நடந்தது பழைய முறை. கண்ணின் இயற்கை லென்ஸை உறையோடு முழுதாக எடுத்துவிட்டு, தையல் போட்டு, பல நாள் அசையாமல் படுக்க வைத்து, பிறகு பிளஸ் 10 அளவில் சோடாபுட்டி கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடியில் பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்தால் இரண்டு கண்ணின் பிம்பமும் ஒட்டாது. அதனால்தான் இரண்டு கண்ணும் முற்றிப் பார்வை போன பிறகே ஆபரேஷன் என்ற வழக்கம் இருந்தது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி குருடு.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இதையெல்லாம் மாற்றியது. ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலரை ஒட்டி இருந்தது. பணக்காரருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டி என்று இரு தரமாகப் பிரியும் நிலை. அதைத் தவிர்க்க, அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையின் துணையோடும் அங்குள்ள நிறுவனம் ஒன்றிடம் பெற்ற தொழில்நுட்பத்தோடும் 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற சொந்த லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. முதலில் பத்து டாலர் அளவுக்கு வந்த விலை, பிறகு சாதாரண லென்ஸுக்கு இரண்டு மூன்று டாலர் வரை இறங்கியது. தையல் நூல், கத்தி, கண் மருந்து என்று விரிந்து இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இலவச நோயாளிக்கும் லென்ஸ் வைக்க முடிந்ததோடு இன்னொன்றும் நடந்தது. ஒரு கண்ணில் பார்வை மங்கும்போதே ஆபரேஷன் செய்யலாம் என்றானதும், வேலைக்குப் போகிற, பணம் கட்டக்கூடியவர்கள் முன்னதாகவே வரத் தொடங்கினார்கள். மேலே போட்ட கணக்கில் அந்த 40 பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு இதுவே பாதி விடை.

லென்ஸ் வந்ததும் புதிய தவறுகளும் வந்தன, முக்கியமாகப் பவர் தவறு. எளிய பழைய சூத்திரத்தில், லென்ஸின் மாறிலியிலிருந்து (அந்த வகை லென்ஸுக்கென்று குறித்திருக்கும் எண்) கண் நீளத்தின் 2.5 மடங்கையும் கருவிழி வளைவின் 0.9 மடங்கையும் கழிக்க வேண்டும். மாறிலி 118, கண் நீளம் 23.5 மில்லிமீட்டர், வளைவு 44 என்றால் 118 கழித்தல் 58.75 கழித்தல் 39.6, ஆக 19.65. இருபது பவரைக் கையில் எடுக்கலாம். இப்போது இதைவிட நுட்பமான சூத்திரங்களைக் கருவியே போட்டுத் தந்துவிடும், ஆனால் தவறு நுழையும் இடம் மாறவில்லை. கண் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரைப் பவர் தள்ளிப்போகும். கண்ணில் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில், புதிதாகப் பழகும் நர்ஸ் கருவிழியைச் சற்று அழுத்திவிட்டால் நீளம் குறைவாகக் காட்டும், லென்ஸ் பவர் கூடிப்போகும், நோயாளிக்குத் தூரப் பார்வை மங்கும். ஆகவே பல முறை அளந்து ஒத்துப்போகும் எண்களின் சராசரியை எடுப்பது, இரண்டு கண்ணின் நீளமும் அதிகம் வேறுபட்டால் இன்னொருவரைக் கொண்டு மறுபடி அளப்பது இரண்டையும் சட்டமாக வைக்க வேண்டும். இருப்பு இன்னொரு தலைவலி. 10 முதல் 30 வரை அரை அரைப் பவராக 41 வகை. அதிகம் செலவாவது 19க்கும் 23க்கும் இடையில்தான், ஆனால் 26 வேண்டிய நாளில் 26 இல்லையென்றால் அந்த நோயாளி பஸ் ஏறித் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கிராமத்தில் முற்றிக் கெட்டியான, வெள்ளைப் புரை அதிகம். அதற்கு, புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சும் விலையுயர்ந்த பேக்கோ இயந்திரம் இல்லாமலே, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலத்தில் தானே மூடிக்கொள்ளும் கீறலிட்டு, தையலின்றிச் செய்யும் சிறு கீறல் முறை நன்றாகப் பொருந்துகிறது. பேக்கோவில் மடக்கும் லென்ஸ் 2.8 மில்லிமீட்டர் கீறலில் போய்விடும், கண் சீக்கிரம் ஆறும், வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், கட்டணப் பிரிவில் அதைத்தான் கேட்பார்கள். சிறு கீறல் முறையைத் தரக்குறைவு என்று நினைப்பது தவறு. பழகிய கையில் இறுதிப் பார்வை ஏறக்குறைய ஒன்றே.

எண்ணிக்கை கூடினால் தொற்று வராதா என்பது நியாயமான பயம். ஒரே நாளில் பலருக்குக் கண் போன கேம்ப் செய்திகள் நாட்டில் வந்தபடியே இருக்கின்றன. காரணத்தைத் தோண்டினால் பெரும்பாலும் மருத்துவரின் கையில் முடிவதில்லை. கிருமி படிந்த திரவப் பாட்டில், சரியாக வேலை செய்யாத ஆட்டோகிளேவ், பள்ளிக்கூடத்தை ஒரு நாளுக்குத் தியேட்டராக்கியது என்று போகும். கேம்பில் பார்ப்பது மட்டும், ஆபரேஷன் மருத்துவமனையில் மட்டும் என்று அரவிந்த் வைத்த எல்லையை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. அதோடு, ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஊசியாகப் போடும் வழக்கத்தை அங்கே கொண்டுவந்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவில், கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இந்தக் கணக்கே ஒரு பாடம். ஒவ்வோர் ஆபரேஷனையும் பதிவு செய்திருந்தால்தான் இப்படி எண்ண முடியும். எந்த மருத்துவருக்கு எத்தனை முறை லென்ஸின் உறை கிழிந்தது, எத்தனை பேர் மறுபடி தியேட்டருக்கு வந்தார்கள் என்பதைப் பெயரோடு பதிந்து கூட்டத்தில் பேசுகிறார்கள். பதிவேடு இல்லாமல் வேகத்தை மட்டும் நகலெடுப்பது ஆபத்து.

கேம்புக்கு வருவோம். ஊர்ப் பெரியவர்கள், அரிமா சங்கம், ரோட்டரி, ஆலைக்காரர்கள், கோயில் அறக்கட்டளை என்று உள்ளூர்க்காரர்தான் நடத்துவார். இடம், விளம்பரம், சாப்பாடு அவர் பொறுப்பு, மருத்துவக் குழு மருத்துவமனையிலிருந்து வரும். பதிவு, பார்வை அளவு, முதல் பரிசோதனை, கண் அழுத்தம், கண்ணீர்க் குழாய், சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடிப் பவர், இறுதிப் பரிசோதனை என்று வரிசை நகரும். கண்ணாடி தேவைப்பட்டவருக்கு அங்கேயே சட்டத்தில் பொருத்திக் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் அன்றே பஸ்ஸில் மருத்துவமனைக்கு. தொடக்கத்தில் "ஆபரேஷன் இலவசம், வந்து சேருங்கள்" என்று சீட்டு மட்டும் கொடுத்தபோது தேர்ந்தெடுத்தவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, கூட வர ஆள் இல்லாதது, பயம், "இன்னும் கொஞ்சம் தெரியுதே" என்ற தயக்கம் எல்லாம் தடைகள். பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்த பிறகு, ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பும்போது, பயமும் துணை இல்லாத குறையும் ஒன்றாகத் தீர்ந்தன. ஏழைக்கு இலவச ஆபரேஷனிலும் செலவு உண்டு, கூலி போன இரண்டு மூன்று நாள் உட்பட.

அப்படியும் 1999இல் வெளியான ஓர் ஆய்வு சங்கடமான எண்ணைக் காட்டியது. கேம்ப் நடந்த கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் 7 சதவீதம் பேர்தான் கேம்புக்கு வந்திருந்தார்கள். கூட்டம் அலைமோதியதைப் பார்த்து மகிழ்ந்தவர்களுக்கு வராத 93 பேர் கண்ணில் படவில்லை. வருஷத்தில் ஒரு நாள் வந்துபோகும் கேம்ப் போதாது, நிரந்தரமாக ஒரு கதவு வேண்டும் என்பதற்காக 2004 முதல் பார்வை மையங்கள் வந்தன. ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒரு மையம். பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பெண்கள், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு ஸ்லிட் லாம்ப், கண்ணாடிப் பரிசோதனைப் பெட்டி, விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, இணைய இணைப்பு. பார்த்து முடித்ததும் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் வீடியோவில் பேசி முடிவு சொல்வார். தேனி பக்கம் ஆண்டிப்பட்டி, போடி, சின்னமனூர் மாதிரி ஊர்களில், இணையம் சரியாக வராத காலத்தில், பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் தொலைதூர வைஃபை கோபுரங்களை வைத்து ஓட்டினார்கள். மையத்தின் பெரும்பாலான வேலை கண்ணாடியோடு முடிந்துவிடுகிறது. கண்ணாடி விற்பனையில் வரும் சிறு லாபம்தான் மையத்தின் வாடகையையும் சம்பளத்தையும் பெரிதும் தாங்குகிறது.

இனி இரண்டாவது கேள்வி. உங்கள் வட்டத்தில் முடியுமா?

கண் மருத்துவமனை என்றால் முடியும், அதற்கான வழி மதுரையிலேயே இருக்கிறது. அரவிந்தின் ஒரு பிரிவாக 1992இல் தொடங்கிய லைகோ என்ற பயிற்சி நிறுவனம் மற்ற மருத்துவமனைகளின் ஆட்களை அழைத்து நிர்வாகம், தியேட்டர் முறை, கருவிப் பராமரிப்பு எல்லாம் கற்றுத்தருகிறது. நேபாளத்தின் லும்பினி, சித்திரகூடம் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அதன் துணையோடு தங்கள் முறையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. கருவிப் பராமரிப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் ஒருவரை அனுப்புங்கள். மைக்ராஸ்கோப் பல்ப் ஒன்று போனால் அன்றைய தியேட்டரே நிற்கும், கம்பெனி ஆள் வர மூன்று நாளாகும்.

பொது மருத்துவமனை என்றால் நின்று யோசிக்க வேண்டும். கண்புரைக்குச் சில வசதிகள் உண்டு. ஆபரேஷன் சிறியது, ஒரே மாதிரி, முன்கூட்டியே நாள் குறிக்கலாம், மறுநாள் கட்டு அவிழ்த்தால் பலன் தெரியும், தெருவில் அவரே விளம்பரம். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் சர்க்கரை நோய்க்கும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நள்ளிரவில் வரும் ஒரு பிரசவத்துக்காக நாள் முழுவதும் ஆள் விழித்திருக்க வேண்டும், எண்ணிக்கையைப் பெருக்கிச் செலவைக் குறைக்கும் வழியே கிடையாது. அந்த வகைக்கு நீலகிரி மாவட்டக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைதான் நெருக்கமான முன்மாதிரி. அங்கே முதலில் வந்தது கட்டடம் அல்ல, ஆதிவாசிப் பெண்களைக் கிராம சுகாதாரப் பணியாளராகப் பழக்கியதுதான். 1990இல் மருத்துவமனை, பிறகு சிறு தொகை சந்தா கட்டும் காப்பீடு. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கியதும் இதே வழி. இரண்டிலும் வெளி உதவி தொடர்ந்து தேவைப்படுகிறது என்பதை முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்ட வேலையில் இரண்டு மட்டும். அறக்கட்டளைப் பத்திரம், வருமான வரி விலக்குப் பதிவு, மருத்துவ நிறுவனச் சட்டப் பதிவு, மருத்துவக் கழிவு அனுமதி எல்லாவற்றையும் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, வரி விலக்கு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது. கட்டடமும் கருவியும் அந்தச் செலவில் சேரும், ஆகவே உபரியைத் தளமாகவும் மேசையாகவும் மாற்றிக்கொண்டே போவது வளர்ச்சிக்கும் சட்டத்துக்கும் பொருந்துகிறது. இரண்டாவது, அறங்காவலர்களில் கட்டட ஒப்பந்தக்காரரோ மருந்துக் கடைக்காரரோ இருந்தால் அவரிடம் வாங்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

தொடங்கும்போது நிலம் வாங்காதீர்கள். கடைத்தெருவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனையின் பார்வை மையமாக நடத்துங்கள். ஆபரேஷன் தேவைப்படுகிறவரை அங்கே அனுப்புங்கள். ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேருக்குப் புரை, அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள், போகாதவர் ஏன் போகவில்லை என்ற நான்கு எண்ணையும் தினம் எழுதுங்கள். மாதம் 150 பேருக்காவது ஆபரேஷன் தேவைப்படுகிறது, அவர்களில் மூன்றில் ஒருவராவது பணம் கட்டக்கூடியவர் என்று ஒரு வருஷப் பதிவேடு காட்டினால், முழுநேர மருத்துவர் ஒருவரைத் தேடத் தொடங்கலாம். வாரம் ஒரு நாள் வந்துபோகும் மருத்துவரை வைத்து இரண்டு மேசைத் தியேட்டர் கட்டினால், ஆறு நாள் நர்ஸ்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சம்பளம் மட்டும் ஏழு நாளும் ஓடும். மருத்துவர் கிடைக்காத வரை பார்வை மையமாகவே நடத்துங்கள்.